பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?

போன்ல பாட்டு கேட்கிற ஆப் எதைத் திறந்தாலும் 'படிக்கும்போது கேட்க', 'வேலை பார்க்கும்போது கேட்க', 'தூக்கம் வர'ன்னு தலைப்புப் போட்டு ரெடிமேட் பட்டியல் வெச்சிருக்காங்க. உள்ள போய்ப் பார்த்தா பாதிக்குப் பாதி போஸ்ட்-ராக். எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை, மோக்வாய், சிகுர் ரோஸ்னு வரிசையா நிக்குது. பாடகர் வாயைத் திறக்கலைனா அது தாலாட்டுதான்னு எந்தப் புண்ணியவான் முடிவு பண்ணாரோ!

மோக்வாயைப் போட்டுட்டுப் படுக்கிறவரை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பசங்க. 1997ல வந்த அவங்க 'யங் டீம்' ஆல்பத்துல 'லைக் ஹெராட்'னு ஒரு ட்ராக். 11 நிமிஷத்துக்கு மேல ஓடும். முதல்ல சில நிமிஷம் கிடாரும் பேஸும் ரகசியம் பேசுற மாதிரி போகும். ஆளு கண்ணசர்ற நேரம் பார்த்து மொத்த பேண்டும் ஒரே சமயத்துல டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்கும். எந்த எச்சரிக்கையும் கிடையாது. தூக்கமாவது ஒண்ணாவது.

இது ஒரு பக்கம் எரிச்சல்னா, இன்னொரு பக்கம் விஷயம் தெரிஞ்சவங்க போடுற பட்டியல். 'போஸ்ட்-ராக் கேட்கணுமா? முதல்ல இதைக் கேளு'ன்னு அவங்க எடுத்து நீட்டுறது காட்ஸ்பீட் யு பிளாக் எம்பரரோட டபுள் ஆல்பம். 87 நிமிஷம், நாலே நாலு ட்ராக். புதுசா வர்றவர் பயபக்தியோட இயர்போனை மாட்டிட்டு அஞ்சு நிமிஷம் பொறுமையா உட்கார்ந்திருப்பாரு. அப்புறம் பக்கத்துல இருக்கிறவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்பாரு: "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

நியாயமான கேள்வி. தப்பு பட்டியல் மேல.

தமிழ்நாட்டுக்காரங்களுக்கு வார்த்தை இல்லாத இசை ஒண்ணும் புதுசு கிடையாது. பி.ஜி.எம்.முக்குன்னே தனி ரசிகர் கூட்டம் இருக்கிற ஊரு இது. 1995ல வந்த 'பம்பாய்' படத்தோட தீம் மியூசிக்ல பாட்டு வரி ஒண்ணு கூட இல்ல, ஆனா அதை முணுமுணுக்கத் தெரியாதவங்களைத் தேடித்தான் பிடிக்கணும். இளையராஜா 1986லேயே 'ஹௌ டு நேம் இட்'னு படமே இல்லாம ஒரு ஆல்பம் போட்டாரு. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம், வயலின் வி.எஸ்.நரசிம்மன். ரெண்டு வருஷம் கழிச்சு ஹரிபிரசாத் சௌராசியாவோட புல்லாங்குழலை வெச்சு 'நத்திங் பட் விண்ட்'. அது எல்லாத்துக்கும் முன்னாடி கச்சேரி இருக்கு. ராக ஆலாபனையில எந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டோம்? ராகம் தானம் பல்லவின்னா முக்கால் மணி நேரம் அசையாம உட்கார்றவங்க நம்ம ஊர்லதான் இருக்காங்க. (தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கேன்டீன் பக்கம் நழுவுற கோஷ்டியை இந்தக் கணக்குல சேர்க்கல.)

அதனால இந்தப் பதிவோட கட்சி ரொம்ப எளிசு. 'தலைசிறந்த' ஆல்பத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. உங்க காது ஏற்கெனவே நிக்கிற இடத்துலேர்ந்து ஆரம்பிங்க. பி.ஜி.எம். ஒரு வாசல், வயலின் ஒரு வாசல். காட்ஸ்பீட் எங்கயும் ஓடிப் போயிடாது.

சரி, இது என்ன சங்கதின்னே தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1994ல சைமன் ரெனால்ட்ஸ்னு ஒரு ஆங்கிலேய இசை விமர்சகர், லண்டன் பக்கத்து பார்க் சைக்கோசிஸ் பேண்டோட 'ஹெக்ஸ்' ஆல்பத்தைப் பத்தி எழுதும்போது 'போஸ்ட்-ராக்'ங்கிற பேரைப் பிடிச்சாரு. அதே வருஷம் 'தி வயர்' பத்திரிகையில விரிவா ஒரு கட்டுரையும் எழுதினாரு. அவர் சொன்னதோட சாரம்: கருவிகள் எல்லாம் ராக் பேண்டோடதுதான். கிடார், பேஸ், டிரம்ஸ். ஆனா அதை வெச்சு ராக் பண்றதில்ல. கிடார்ல ரிஃப் வாசிக்கிறதுக்குப் பதிலா ஒலியோட நிறத்தையும் அடர்த்தியையும் உண்டாக்குறாங்க. பேரு நிலைச்சுடுச்சு. அந்தப் பேருக்குள்ள அடைபட்ட பேண்டுகள்ல பாதிப் பேருக்கு அது சுத்தமா பிடிக்காதுங்கிறது வேற கதை.

பேரு வர்றதுக்கு முன்னாடியே வேலையைச் செஞ்சு முடிச்சவங்க டாக் டாக். இவங்க கதையைச் சொல்லாம நகர முடியாது.

1984ல 'இட்ஸ் மை லைஃப்'னு பாப் பாட்டுப் போட்டு ஓடிட்டிருந்த இங்கிலாந்து பேண்ட். 1986ல 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' நல்லா வித்துச்சு. சந்தோஷப்பட்ட ஈ.எம்.ஐ. கம்பெனி, அடுத்த ஆல்பத்துக்குப் பணத்தையும் நேரத்தையும் தாராளமா கொடுத்துச்சு. பாடகர் மார்க் ஹாலிஸ் என்ன பண்ணாரு தெரியுமா? லண்டன்ல வெசெக்ஸ் ஸ்டுடியோவுக்குள்ள போனாரு, லைட்டை அணைச்சாரு. கிட்டத்தட்ட இருட்டுல, மாசக்கணக்குல ஒலிப்பதிவு. வெளியிலேர்ந்து வந்த கலைஞர்களை இஷ்டத்துக்கு வாசிக்கச் சொல்லிட்டு, மணிக்கணக்கா பதிவு பண்ணதுல சில நொடிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோத்தாரு. 1988ல 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' வெளிவந்தப்போ அதுல ரேடியோவுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு பாட்டும் இல்ல. கம்பெனிக்காரங்க முகம் எப்படிப் போயிருக்கும்னு யோசிச்சுக்கங்க. ஒப்பந்தத் தகராறு கோர்ட் வரைக்கும் போய், பேண்ட் வேற கம்பெனிக்கு மாறி, 1991ல 'லாஃபிங் ஸ்டாக்' போட்டு, அதோட கலைஞ்சுடுச்சு. ஹாலிஸ் 1998ல தனியா ஒரே ஒரு ஆல்பம் கொடுத்துட்டு வீட்டோட ஒதுங்கிட்டாரு. 2019 பிப்ரவரியில காலமானாரு. வித்த கணக்குல தோத்துப்போன அந்த ரெண்டு ஆல்பத்துலேர்ந்துதான் பின்னாடி வந்தவங்க பாடம் படிச்சாங்க.

(ரெண்டும் அற்புதமான ஆல்பம். ஆனா முதல் நாள் கேட்க வேண்டாம். மௌனம் ஜாஸ்தி, பொறுமை வேணும்.)

முதல் நாளைக்கு ஏத்தது எது? டெக்ஸாஸ்காரங்களான எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை. மூணு கிடார், ஒரு டிரம்ஸ், பாடகரே கிடையாது. 1999 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். வானத்துல வாணவேடிக்கை வெடிக்கிறதைப் பார்த்து டிரம்ஸ்காரர் கிறிஸ் ராஸ்கி சொன்ன வார்த்தையையே பேராக்கிட்டாங்க. 2003ல வந்த 'தி எர்த் ஈஸ் நாட் எ கோல்ட் டெட் ப்ளேஸ்' ஆல்பத்துல அஞ்சே அஞ்சு ட்ராக். மொத்தம் 45 நிமிஷம் சொச்சம்.

45 நிமிஷத்தைக் கேட்டதும் செங்கல்பட்டுக்காரங்களுக்கு ஒண்ணு தோணியிருக்கணும். ஆமா, ஏறக்குறைய தாம்பரம் போற நேரம்! இந்த ஆல்பத்துக்கு செங்கல்பட்டு லோக்கல் ட்ரெயின் மாதிரி வசதியான இடம் அமையாது. வண்டி புறப்படும்போது முதல் ட்ராக்கைப் போடுங்க, 'ஃபர்ஸ்ட் பிரத் ஆஃப்டர் கோமா'. ஒத்தைக் கிடார்ல ஒரே ஸ்வரம், திரும்பத் திரும்ப. கீழ டிரம்ஸ் இதயத்துடிப்பு கணக்கா. கொளவாய் ஏரித் தண்ணி ஜன்னல்ல ஓடிட்டிருக்கும்போதே ரெண்டாவது கிடார் சேரும். பரனூர் தாண்டறதுக்குள்ள மூணாவதும் வந்துடும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் வரும்போது 9 நிமிஷமும் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிச்சிருக்கும். 'பாட்டு எப்ப ஆரம்பிக்கும்'ங்கிற கேள்வி வரவே வராது, ஏன்னா கண்ணுக்கு முன்னாடி படம் ஓடிட்டிருக்கு. ஜன்னல்தான் ஸ்கிரீன்.

மூணாவது ட்ராக் பேரு 'சிக்ஸ் டேஸ் அட் தி பாட்டம் ஆஃப் தி ஓஷன்'. 2000 ஆகஸ்ட்ல பேரண்ட்ஸ் கடல்ல மூழ்கின ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பல் கூர்ஸ்க் ஞாபகமா பண்ணது. அந்தக் கப்பல்ல இருந்த 118 பேரும் செத்துப்போனாங்க. ஒரு வார்த்தை கூட இல்லாம 8 நிமிஷத்துக்கு மேல அந்த அடி ஆழத்துல நம்மளை நிறுத்தி வைக்கும். இது ஓடறப்போ பொத்தேரியில காலேஜ் கூட்டம் ஏறும். பரவாயில்ல, சத்தத்தோடயே கேளுங்க. கடைசி ட்ராக் 'யுவர் ஹேண்ட் இன் மைன்'. இந்த வகை இசையில ஒண்ணே ஒண்ணுதான் கேட்பேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு இதைக் கொடுத்துடலாம்.

இந்த பேண்டை உலகம் எப்படிக் கண்டுபிடிச்சதுன்னு பார்த்தா நம்ம பி.ஜி.எம். கட்சிக்கு இன்னும் பலம். 2004ல 'ஃபிரைடே நைட் லைட்ஸ்'னு டெக்ஸாஸ் பள்ளிக்கூடக் கால்பந்துப் படம் ஒண்ணு (அவங்க ஊரு கால்பந்து, கையால தூக்கிட்டு ஓடுறது). அதுக்கு இசை இவங்க. அதுக்கப்புறம்தான் பெரிய கூட்டம் வந்துச்சு. காட்ஸ்பீடை நிறைய பேர் முதல்ல கேட்டது 2002ல வந்த '28 டேஸ் லேட்டர்' படத்துல, லண்டன் தெரு வெறிச்சோடிக் கிடக்கிற காட்சியில. மோக்வாய் 2006ல கால்பந்து வீரர் ஜிடானைப் பத்தின படத்துக்கு வாசிச்சாங்க. சிகுர் ரோஸோட 'ஹோப்பிபோல்லா'வை பி.பி.சி. 'பிளானட் எர்த்' விளம்பரத்துல போட்டதும்தான் அது வீடு வீடாப் போச்சு. உலகத்துல முக்கால்வாசிப் பேர் நுழைஞ்சது பி.ஜி.எம். வாசல் வழியாத்தான். நம்ம மட்டும் எதுக்குக் கொல்லைப்புறமா போய் மதிலேறிக் குதிக்கணும்?

இந்த ஒலி எப்படி வருதுன்னும் கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டா கேட்கிறது சுவாரஸ்யமாகும். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவுல தரையில வரிசையா சின்னச் சின்னப் பெட்டிகள், பெடல்னு பேரு. அதுல ரெண்டு பெடல்லதான் பாதி போஸ்ட்-ராக் ஓடுது. டிலே பெடல், வாசிச்ச ஸ்வரத்தை நாம வெச்ச இடைவெளியில திருப்பித் திருப்பிச் சொல்லும். நாலு ஸ்வரம் வாசிச்சா பதினாறு கேட்கும். ரிவெர்ப் பெடல், சின்ன ரூம்ல வாசிச்சதைப் பெரிய மண்டபத்துல வாசிச்ச மாதிரி ஆக்கும். அப்புறம் வலது கைப் பிக்கை ஒரே தந்தியில படபடன்னு ஓட்டுறது, ட்ரெமோலோ. உச்சக்கட்டத்துல கேட்கிற அந்த இரைச்சல் மழை இதுதான். டிரம்ஸ்காரரோட வேலை இதுல ரொம்ப நுணுக்கம். எப்போ வாசிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

இங்க ஒரு நடைமுறைச் சிக்கல். இந்த இசையில மெல்லிசான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமானது. பஸ்ல கேட்டா ஆரம்பம் இன்ஜின் சத்தத்துல காணாமப் போயிடும். சரின்னு வால்யூமை ஏத்துவோம். ஆறாவது நிமிஷம் பெரிசா வெடிக்கும்போது காது கிழியும். பதறிப் போய்க் குறைப்போம், அடுத்த ட்ராக் மறுபடி கேட்காது. திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போற பஸ் வேற, ஹாரன்லேயே ஒரு ஆல்பம் போடுவாங்க. காதை முழுசா மூடுற இயர்போன் இல்லைனா பஸ்ஸை விட்டுடுங்க. ஷஃபிளை அணைச்சுடுங்க, ட்ராக்குகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். இலவச ஆப்ல கேட்டா உச்சக்கட்டம் அடங்கின அடுத்த நொடி பற்பசை விளம்பரம் வரும். அதுக்கு மருந்து கிடையாது.

'கடலோரமா உட்கார்ந்து போஸ்ட்-ராக் கேட்கணும்'னு ஒரு ஐதீகம் வேற. சினிமாத்தனமான யோசனை. மாமல்லபுரத்துல கடற்கரைக் கோயில் பக்கம் மணல்ல உட்கார்ந்து பாருங்க. காத்தும் அலையும் சேர்ந்து முதல் மூணு நிமிஷத்தை அப்படியே முழுங்கிடும். போதாக்குறைக்குக் குதிரைச் சவாரி, சங்கு மாலை, பஜ்ஜி. அஞ்சு ரதம் போற ரோட்டுல கல் அறுக்கிற மெஷின் சத்தம். உண்மையைச் சொன்னா அந்த ஊர்ல இயர்போனைக் கழட்டி வைக்கிறதுதான் மரியாதை. 1957லேர்ந்து சிற்பக் கல்லூரி இருக்கிற ஊரு. ஏதாவது ஒரு பட்டறை வாசல்ல நின்னு, நாலஞ்சு உளி வேற வேற வேகத்துல கல்லு மேல விழுறதைக் கேளுங்க. ஒண்ணா இருக்கிற மாதிரி வந்து, விலகி, மறுபடி ஒண்ணாகும். அமெரிக்காவுல சிகாகோ நகரத்து டார்ட்டாய்ஸ் பேண்ட் 1996ல 'ஜெட்'னு 20 நிமிஷத்துக்கு மேல ஓடுற ட்ராக் ஒண்ணு போட்டாங்க. தாளங்கள் அதுல பண்றதும் இதே வேலைதான். மாசி மகத்தன்னிக்குப் போனா இன்னும் விசேஷம். ஊர் ஊரா இருளர் குடும்பங்கள் கடற்கரையில வந்து தங்கி கன்னியம்மனைக் கும்பிடுவாங்க. அந்த ராத்திரிக்கு எந்த ஆல்பமும் தேவையில்ல.

கடல் வேணும்னு ரொம்ப ஆசையா இருந்தா வீட்டு மாடியில உட்கார்ந்து டர்ட்டி த்ரீ பேண்டோட 'ஓஷன் சாங்ஸ்' கேளுங்க. தமிழ்க் காதுக்குன்னு அளவெடுத்துத் தைச்ச போஸ்ட்-ராக் ஆல்பம் இது ஒண்ணுதான்னு சத்தியம் பண்ணலாம். ஏன்னா நடுநாயகம் வயலின்.

ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்காரங்க, 1992ல ஆரம்பிச்சாங்க. மூணே பேர். வாரன் எல்லிஸ் வயலின், மிக் டர்னர் கிடார், ஜிம் வொய்ட் டிரம்ஸ். எல்லிஸ் ஆரம்ப காலத்துல கிடாரோட பிக்கப்பை ரப்பர் பேண்ட் போட்டு வயலின்ல கட்டிட்டு வாசிச்சாரு. ஒலி கரகரன்னு வர்றதுக்குக் காரணம் அந்த மாதிரி வேலைதான். நம்ம ஊர்ல வயலின் வாசிக்கிறவங்க சம்மணம் போட்டு, வயலின் தலையைக் கணுக்கால்ல ஊன்றி, அசையாம உட்காருவாங்க. எல்லிஸ் நின்னுக்கிட்டு, சபைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, காலை உதைச்சு உதைச்சு வாசிப்பாரு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி அவர் சொல்ற முன்னுரை பாதி நேரம் பாட்டை விட நீளமா இருக்கும் (கதாகாலட்சேபக்காரங்களுக்குச் சமமான ஆளு).

1998ல வந்த 'ஓஷன் சாங்ஸ்' மொத்தமும் கடலைப் பத்தினது. ஒலிப்பதிவு சிகாகோவுல ஸ்டீவ் ஆல்பினி. இவர் 2024ல காலமாயிட்டாரு. பேண்ட் ரூம்ல எப்படி ஒலிக்குதோ அப்படியே பிடிக்கணும், மேல பவுடர் பூசக் கூடாதுங்கிறது அவர் கொள்கை. அதனால வில்லு தந்தி மேல உரசுறது வரைக்கும் கேட்கும். முதல் ட்ராக் 'சிரீனா'வுலேர்ந்தே எடுத்துக்கங்க. ஒரு சின்ன மெட்டு, அதை வயலின் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற மாதிரி. கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இழுத்து, ஒரு இடத்துல அழுத்தி. நிரவல் கேட்டுப் பழகினவங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். 'டீப் வாட்டர்ஸ்' 16 நிமிஷம் போகும். உச்சக்கட்டம், வெடிப்பு இதெல்லாம் எதிர்பார்க்காதீங்க. அலை ஏறி இறங்குற கணக்குல போய்க்கிட்டே இருக்கும். ஜிம் வொய்ட் டிரம்ஸ்ல தாளத்தை எண்ணி வாசிக்கிற மாதிரியே தெரியாது, ஆனா எங்கயும் நழுவாது. மிருதங்கம் வாசிக்கிற யாரையாவது பக்கத்துல வெச்சுக்கிட்டுக் கேட்டா ரசனை ரெட்டிப்பாகும்.

சிகுர் ரோஸ், ஐஸ்லாந்து. பாடுறதுக்கு ஆள் இருக்கு, ஆனா யோன்ஸி பாடுற வார்த்தைகள்ல பல இடத்துல எந்த மொழியும் இல்ல, அவங்களே கட்டின வெறும் அசைகள். 2002ல ரெண்டு அடைப்புக்குறியை மட்டும் பேரா வெச்சு ஒரு ஆல்பம் போட்டாங்க. எட்டுப் பாட்டு, ஒண்ணுக்கும் தலைப்பு கிடையாது. கூட வந்த புத்தகத்துல வெறும் காலிப் பக்கம், கேட்கிறவங்களே எழுதிக்கட்டும்னு. மேல்நாட்டுப் பத்திரிகைகள் இதைப் பெரிய அதிசயமா எழுதினாங்க. 'தந்தன தானே'வும் 'த த ரி ன ன'வும் கேட்டு வளர்ந்தவங்க என்ன அதிசயப்படறது? ஆரம்பிக்கிறதுக்கு 1999ல வந்த 'அகைடிஸ் பிர்யுன்' ஆல்பத்துல 'ஸ்வெஃப்ன்-கெ-எங்லர்' 10 நிமிஷம். கிடாரை செல்லோ வில்லால இழுத்து வாசிக்கிற அந்த ஒலி கொஞ்ச நாளைக்குக் காதைவிட்டுப் போகாது.

காட்ஸ்பீடை இப்போ எடுக்கலாம். கனடாவுல மான்ட்ரியால் நகரத்துக்காரங்க. பேரு, 1976ல எடுத்த ஜப்பானிய பைக் கும்பல் டாக்குமெண்டரியோடது. 1997ல முதல் எல்.பி. ரெக்கார்டைக் கையாலேயே அட்டை ஒட்டி விட்டாங்க. உள்ள, ட்ரெயின் ஏறி நசுங்கின ஒரு காசு. 2013ல கனடாவோட போலாரிஸ் பரிசு கிடைச்சப்போ விழாவுக்கே போகல. பரிசுத்தொகை 30,000 டாலரைக் கியூபெக் சிறைக்கைதிகளுக்கு இசைக்கருவி வாங்கச் செலவழிக்கப் போறதா அறிக்கை விட்டாங்க. ஆளுங்க இப்படின்னா இசையும் அப்படித்தான், சமரசம் கிடையாது. 2000ல வந்த அந்த 87 நிமிஷ 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்'ல முதல் ட்ராக் 'ஸ்டார்ம்' மட்டும் கேளுங்க, 22 நிமிஷம். நிறுத்துங்க. மறுநாள் அடுத்தது. முழுசையும் ஒரே மூச்சுல கேட்டாத்தான் ரசிகன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுங்க.

1991ல வந்த ஸ்லின்டோட 'ஸ்பைடர்லேண்ட்' இதுக்கும் அப்புறம். கெண்டக்கியில லூயிவில்ங்கிற ஊரைச் சேர்ந்த இருபது வயசுப் பசங்க நாலு நாள்ல பதிவு பண்ணி, ஆல்பம் வெளிவர்றதுக்குள்ள பேண்டையே கலைச்சுட்டாங்க. பாட்டுக்குப் பதிலா முணுமுணுப்பாக் கதை சொல்றது. பிடிச்சவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், மத்தவங்களுக்கு ராத்திரியில பயமா இருக்கும்.

குறையும் சொல்லித்தான் ஆகணும். 2005 வாக்குல இந்த இசை ஒரு ஃபார்முலாவா ஆகிப் போச்சு. மெதுவா ஆரம்பி, ஒவ்வொரு கிடாரா சேரு, ஏழாவது நிமிஷம் வெடி, அடங்கு. ஆல்பம் அட்டையில பனிமலை இல்லைனா ஒத்தை மரம். ட்ராக் பேரு ஒரு முழு வாக்கியம். இப்படி நூத்துக்கணக்கான பேண்ட் வந்து, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சு. அதுங்களுக்கு அந்தத் தூக்கப் பட்டியல் சரியான இடம்தான். இந்த விஷயத்துல ஆப்காரங்களைக் குறை சொல்ல முடியல.

இந்தியாவுல? அகமதாபாத்ல 2013ல ஆரம்பிச்ச ஆஸ்விகீப்சர்ச்சிங். 'க்வாப்' (2015), 'ஜியா' (2017), 'ரூஹ்' (2019), 'ஸ்லீப்' (2020)னு ஆல்பங்கள். உத்தீபன் சர்மா இந்தியில பாடுறாரு, அங்கங்க தபலா சேருது. கிடார் மழைக்கு நடுவுல தபலா விழும்போது, இதை டெக்ஸாஸ்காரங்களால பண்ணியிருக்க முடியாதுன்னு தெரியும். 'ஜியா'லேர்ந்து ஆரம்பிங்க. பெங்களூர்ல அன்டில் வி லாஸ்ட்னு ஒரு பேண்ட் 2013ல 'எர்த்கேஸிங்'னு சின்னதா ஒண்ணு போட்டாங்க. அதுவும் தேடிக் கேட்க வேண்டியது.

நம்ம கடற்கரைக்கும் இதுக்கும் ஒட்டு உறவே இல்லாம இல்ல. 2004 சுனாமி இந்தக் கரையைப் புரட்டிப் போட்டுச்சு. சாளுவன்குப்பத்துல மணலுக்கடியில இருந்த முருகன் கோயிலைத் தொல்லியல் துறை 2005ல தோண்டி எடுத்ததே அதுக்கப்புறம்தான். அதே சுனாமிக்குப் பிறகு சென்னையோட எர்த்சிங்க் நிறுவனம், பாதிக்கப்பட்ட ஆறு நாட்டுக் கரையோர மக்களோட பாட்டைத் தேடிப் போய்ப் பதிவு பண்ணி 'லயா புராஜெக்ட்'னு படமும் ஆல்பமும் கொடுத்துச்சு. வர்ணனை, விளக்கம் எதுவும் இல்லாத படம், இசை மட்டும்தான். போஸ்ட்-ராக் இல்ல, ஆனா இதைக் கேட்டு ரசிச்சவங்களுக்கு டர்ட்டி த்ரீ ரொம்பப் பக்கம். கோவளத்துல மீனவர் மூர்த்தி மேகவன் ஊர்ப் பசங்களுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சு, 2013லேர்ந்து சில வருஷம் கடற்கரையிலேயே சர்ஃபிங்கும் பேண்ட் இசையும் சேர்ந்த திருவிழா நடந்துச்சு. கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வந்து அலையில விழுந்து எழுந்தாரு. கிழக்குக் கடற்கரைச் சாலையில கிடார் சத்தம் ரிசார்ட் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மட்டும் சொந்தமில்லைன்னு காட்டின நாட்கள் அது.

தமிழ் சினிமாவுல இந்தக் கட்டுமானத்துக்கு ரொம்பக் கிட்ட வந்த பாட்டுன்னா 2018ல '96' படத்துல 'தி லைஃப் ஆஃப் ராம்'. கோவிந்த் வசந்தா இசை, அவரே வயலின்காரர். மெதுவா ஆரம்பிச்சு, படிப்படியா விரிஞ்சு, கடைசியில திறந்துவிடுற அந்த வடிவம் உங்களுக்குப் பிடிச்சிருந்தா, மேல சொன்னதுல பாதி உங்களுக்கு ஏற்கெனவே பிடிக்கும்.

கடைசியா ஒரு கோரிக்கை. செங்கல்பட்டு, மதுராந்தகம், கல்பாக்கம், கோவளம் பக்கம் யாராவது நாலு பெடலை வாங்கி வெச்சுக்கிட்டு மாடியில இந்த மாதிரி வாசிச்சிட்டு இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு பதிவு பண்ணி வெளிய விடுங்க. தவிலோ பறையோ சேர்த்து வாசிக்கிறவங்களா இருந்தா ரொம்ப சந்தோஷம். 20 நிமிஷமா இருந்தாலும் பரவாயில்ல, 'பாட்டு எப்ப ஆரம்பிக்கும்'னு கேட்காம உட்கார இங்க ஆள் இருக்கு.